அன்னாவும் சயாம் மன்னரும்: பழைய ஹாலிவுட் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதி ஏற்காட்டில் திரையிடும் முறை

‘அன்னா அண்ட் தி கிங் ஆஃப் சயாம்’ 1946-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். ஓடும் நேரம் 128 நிமிடம். இயக்கம் ஜான் கிராம்வெல். ஆசிரியை அன்னாவாக ஐரீன் டன், மன்னர் மோங்குட்டாக ரெக்ஸ் ஹாரிசன். கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் ஆஸ்கர் வாங்கிய படம் என்பதால் கண்ணுக்கு விருந்து நிறையவே உண்டு. ஆனாலும் படத்தை நகர்த்துவது பேச்சுதான். கணவனை இழந்த ஒரு வெளிநாட்டு ஆசிரியை, அரண்மனைக்கு வெளியே தனி வீடு தருவதாகச் சொன்ன வாக்கை நிறைவேற்று என்று ஒரு ராஜாவிடம் மல்லுக்கு நிற்கிறாள். அந்த வாக்குவாதம் புரியாதவருக்குப் படம் வெறும் அலங்கார அணிவகுப்பாகப் போய்விடும்.

சேர்வராயன் மலையில் ஒரு பள்ளிக் கூடத்தில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய அப்பா அம்மாவுக்கும் இதைக் காட்டுவதென்றால், முக்கால் பங்கு உழைப்பு சப்டைட்டிலுக்குப் போகும். மீதி கால் பங்குதான் புரொஜெக்டருக்கு. இந்தக் குறிப்பும் அந்த விகிதத்திலேயே இருக்கிறது.

முதலில் எந்தப் படம், எந்தப் பிரதி

இதே கதை 1956-ல் யூல் பிரின்னரும் டெபரா கெர்ரும் நடித்து ‘தி கிங் அண்ட் ஐ’ என்ற வண்ண இசைப்படமாகவும் வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வசனம் வேறு, காட்சி வரிசை வேறு. ஒன்றுக்கு எழுதிய சப்டைட்டில் மற்றதற்கு ஒட்டாது. முதல்முறை செய்பவர்கள் 1946 படத்தையே எடுத்துக்கொள்வது நல்லது. பாட்டுக்குச் சப்டைட்டில் போடுவது தனி வித்தை. தாளம் இடிக்கும், பொருளும் இடிக்கும்.

பிரதி கையில் வந்ததும் மொத்த நேரத்தைப் பாருங்கள். 2 மணி 8 நிமிடம் காட்டினால் அது நொடிக்கு 24 படச்சட்டம் (ஃபிரேம்) ஓடும் பிரதி (துல்லியமாக 23.976). 2 மணி 3 நிமிடம் அளவில் காட்டினால் நொடிக்கு 25 சட்டமாக வேகம் கூட்டிய டிவிடி, ‘பால்’ (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கானது. வெட்டு விழுந்துவிட்டது என்று பதற வேண்டாம், வேகம்தான் 4 சதவீதம் கூடியிருக்கிறது. இதைக் கவனிக்காமல் ஒரு பிரதியில் எழுதி இன்னொன்றில் ஓட்டினால் முதல் ஐந்து நிமிடம் ஏதோ லேசாகத் தள்ளியிருப்பது போல் இருக்கும். ஒரு மணி நேரம் போனதும் எழுத்தும் பேச்சும் சுமார் இரண்டரை நிமிடம் விலகியிருக்கும், கடைசிக் காட்சியில் ஐந்து நிமிடம். எல்லா வரியையும் ஒரே அளவு முன்னும் பின்னும் தள்ளி இதைச் சரிசெய்ய முடியாது. ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளில் படச்சட்ட வேகத்தை மாற்றும் வசதி இருக்கிறது. 23.976-லிருந்து 25-க்கோ, மறுபுறமோ மாற்றினால் முழுக் கோப்பும் ஒரே தட்டில் சீராகிவிடும்.

யார் யாரை எப்படிக் கூப்பிடுவது

ஒரு வரி எழுதும் முன் இதை முடிவு செய்தாக வேண்டும். ஆங்கிலத்தில் ராஜாவுக்கும் ஒரே சொல், வேலைக்காரனுக்கும் ஒரே சொல். தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று நான்கு படி இருக்கிறது. படத்தின் சண்டையே யார் எந்தப் படியில் நிற்பது என்பதுதான். அதனால் தமிழில் எழுதுகிறவர் கையில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு கருவி கிடைக்கிறது. அதைப் போகிற போக்கில் பயன்படுத்தினால் ஒரே காட்சிக்குள் ராஜா அன்னாவை ‘நீ’ என்றும் ‘நீங்கள்’ என்றும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவார். பிள்ளைகள் அதை உடனே பிடித்துவிடுவார்கள்.

ராஜா ஆசிரியையை ‘நீர்’ என்று அழைப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். சரித்திர நாவல் படித்த பழக்கம். ஏற்காட்டில் இது சரிவராது. கிறிஸ்தவப் பள்ளிகள் நிறைந்த ஊர். ஜெபத்திலும் வேதாகமத்திலும் ஆண்டவரைப் பார்த்துச் சொல்லும் சொல்லாகவே ‘நீர்’ அந்தப் பிள்ளைகளின் காதில் இருக்கிறது. ராஜா ஒரு டீச்சரை அப்படிக் கூப்பிட்டால் அதிகாரம் தொனிக்காது.

எடுத்த எடுப்பில் ‘நீ’ போடவும் கூடாது. சேலம் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாளை ‘நீ’ என்றால் அது அவமானம், அதோடு ராஜாவின் மீதான மரியாதை போய்விடும். அவர் கர்வி, ஆனால் முரடர் அல்ல.

இந்த மாதிரி இடத்தில் தமிழர்கள் அன்றாடம் என்ன செய்கிறோம்? எதிரில் இருப்பவரின் தராதரம் பிடிபடாதபோது முன்னிலைச் சொல்லையே தவிர்த்துவிடுகிறோம். ‘உட்காரலாம்’, ‘சொல்லலாம்’, ‘நாளை வந்தால் போதும்’, ‘டீச்சருக்கு என்ன வேண்டும்?’ படத்தின் முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ராஜாவின் வாயில் இந்த நடையையே வையுங்கள். கட்டளை போலவும் இருக்கும், மரியாதைக் குறைவாகவும் இருக்காது. அன்னா சொல்வதை அவர் முதன்முதலாகக் காது கொடுத்துக் கேட்கிற காட்சியில் ‘நீங்கள்’ வரட்டும். அந்த ஒரு மாற்றம் இரண்டு பக்க விளக்கத்துக்குச் சமம். ‘நீ’ என்பதைப் படம் முழுக்க ஒரே இடத்துக்கு, அவர் கோபத்தின் உச்சியில் நிற்கும் காட்சிக்கு, மிச்சம் வையுங்கள்.

அன்னா ராஜாவிடம் பேசும்போது ‘தாங்கள்’. கோபம் வந்தால் ‘நீங்கள்’ என்று ஒரு படி இறங்கலாம், அதற்குக் கீழே போகக்கூடாது. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ‘தாங்கள் எழுதினீர்கள்’, ‘நீங்கள் எழுதினீர்கள்’ இரண்டிலும் வினைமுற்று ஒன்றே. தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது இயல்பு என்பதால் வெறும் ‘எழுதினீர்கள்’ என்று போட்டால் அந்த ஒரு படி இறக்கம் காணாமல் போய்விடும். ஆகவே மற்ற இடங்களில் இடத்தை மிச்சப்படுத்த எழுவாயை வெட்டினாலும், அவள் கோபப்படும் வரியில் ‘நீங்கள்’ என்ற சொல்லை வேண்டுமென்றே நிறுத்துங்கள்.

அடுத்தது ‘நாம்’. ராஜா தன்னைப் பன்மையில் சொல்லிக்கொள்வதைக் காட்ட ‘நாம் விரும்புகிறோம்’ என்று எழுதக் கை பரபரக்கும். சபை நடுவில் அது பொருந்தும். ராஜாவும் அன்னாவும் மட்டும் தனியே இருக்கும் காட்சியில் எழுதினால், தமிழில் ‘நாம்’ எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொள்ளும் சொல் ஆயிற்றே, ‘நீயும் நானும்’ என்று அர்த்தமாகிவிடும். அவர்களுக்குள் இல்லாத காதல் ஒன்று சப்டைட்டிலில் முளைத்துவிடும். தனிமையில் ‘நான்’ போதும். ‘யாம்’ புராணப் படத்துக்குத்தான் லாயக்கு.

உறவுச் சொல்லில் தமிழுக்கு வசதி அதிகம். அந்தப்புரத்தில் மூத்த ராணி தியாங்கை மற்ற மனைவியர் ‘அக்கா’ என்பார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு அவள் ‘பெரியம்மா’. இதை எழுதிவிட்டால் யார் யாருக்கு என்ன உறவு என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அன்னாவின் மகன் லூயி அவளை ‘அம்மா’ என்பான், அவள் அவனை ‘கண்ணா’ என்பாள். பட்டத்து இளவரசன் சபையில் ‘தந்தையே’ என்று சொல்லிவந்து, கடைசிக் காட்சிகளில் ‘அப்பா’ என்று மாறினால் போதும்.

அரண்மனைக் குழந்தைகள் அன்னாவை என்னவென்று கூப்பிடுவது? காப்பித் தோட்டத்துப் பழைய வழக்கில் வெள்ளைக்காரப் பெண்மணி ‘துரைசாணி’. காலத்துக்குப் பொருந்தும் சொல்தான். ஆனால் தோட்டக் கூலிகள் கைகட்டி நின்ற காலத்து வாசனை அதில் இருக்கிறது. அந்தக் குழந்தைகளின் பிரியம் அதில் வராது. ‘டீச்சர்’ என்றே விடுங்கள். ஊரில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் காதில் விழும் சொல்.

பெயர்கள்

நாயகியின் பெயரை ‘ஆனா’ என்று எழுதினால் தொலைந்தோம். ‘ஆனா, இங்கே வரலாம்’ என்ற வரியைப் பேச்சுத் தமிழில் ‘ஆனால் இங்கே வரலாம்’ என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். இரண்டு சுழி ‘னா’ போட்டு ‘அன்னா’ என்றே எழுதுங்கள். மூன்று சுழி போட்டால் அண்ணா ஆகிவிடும். தட்டச்சு செய்து முடித்ததும் ‘அண்ணா’ என்று ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவது நல்லது, எப்படியும் நான்கைந்து சிக்கும்.

‘சியாம்’ வேண்டாம், ‘சயாம்’. இரண்டாம் உலகப்போரில் மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோய் ஜப்பானியர் போட்ட ரயில் பாதையைச் சயாம் மரண ரயில் என்றே சொல்கிறோம். அந்தச் சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

சயாம் பெயர்களின் அடியில் நமக்குத் தெரிந்த சொற்கள் கிடக்கின்றன. மோங்குட் என்றால் மகுடம், அதே சொல்தான். இளவரசன் சூளாலங்கோர்ன் பெயரிலும் ‘அலங்கரணம்’ இருக்கிறது, தலைக்கு அணியும் ஆபரணம் என்று பொருள். அந்தப்புரத்து இளம்பெண் தப்திம்மின் பெயருக்கு மாதுளை என்றும் மாணிக்கம் என்றும் பொருள். இவற்றை மொழிபெயர்த்து ‘மகுட மன்னர்’ என்று எழுதக் கூடாது, பெயர் பெயராகவே இருக்கட்டும். படத்துக்கு முன்னால் பேசும்போது மட்டும் சொல்லுங்கள். பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் திரியம்பாவை, திருப்பாவை விழா நம் திருவெம்பாவையிலிருந்தும் திருப்பாவையிலிருந்தும் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால், மார்கழியில் அதைப் பாடிய பிள்ளைக்குச் சயாம் தூரத்து நாடாக இருக்காது.

ராஜாவின் ஆங்கிலம்

கஷ்டமான இடம் இதுதான். ராஜா பேசும் ஆங்கிலம் இலக்கணம் நொண்டும். ஹாலிவுட் அதைச் சிரிப்புக்காகவும் பயன்படுத்திக்கொண்டது. அதைத் தமிழாக்க, நம் சினிமாவில் சேட்டு பேசும் தமிழை எடுத்துப் போட்டால் காட்சிக்குக் காட்சி கைதட்டல் விழும், படம் செத்துப்போகும். உண்மையான மோங்குட் 27 ஆண்டுகள் புத்த பிக்குவாக இருந்தவர். பாலி படித்தவர். அமெரிக்கப் பாதிரியார்களிடம் ஆங்கிலமும் பிரெஞ்சுப் பாதிரியாரிடம் லத்தீனும் கற்றவர். அமெரிக்க ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதி, உங்கள் நாட்டில் வளர்க்க யானைகள் அனுப்பட்டுமா என்று கேட்டார். 1862-ல் லிங்கன் பணிவாக வேண்டாம் என்று பதில் எழுதினார். இப்படிப்பட்டவரைக் கோமாளியாக்குவது தவறு.

இதற்கு நேர் எதிரான குழியும் உண்டு. சேலத்துக்காரர்களுக்கு அரசவைத் தமிழ் என்றாலே மாடர்ன் தியேட்டர்ஸ் வசனம்தான் காதில் ஒலிக்கும். அதிலும் 1950-ல் வந்த ‘மந்திரி குமாரி’. (அதன் இயக்குநர்களில் ஒருவரான எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர். அந்நியர் ஒருவர் நம் ஊர் அரசவைக்குள் வந்து வேலை செய்த கதை ஏற்காடு சாலையிலேயே நடந்திருக்கிறது. ஸ்டுடியோவின் வளைவு இன்னமும் அங்கே நிற்கிறது.) அந்த அடுக்குமொழியை ராஜாவின் வாயில் வைத்தால் அவர் தமிழில் தேர்ந்த புலவராகிவிடுவார். அந்நிய மொழியோடு முட்டிமோதும் மனிதர் காணாமல் போய்விடுவார்.

சரியான இடம் நடுவில் இருக்கிறது. புத்தகத்தில் மட்டுமே ஒரு மொழியைப் படித்தவர் பேசுவதைப் போல் எழுதுங்கள். சொற்கள் கனமாக, வாக்கியம் குட்டையாக, இணைப்புச் சொல் இல்லாமல். ‘வீடு பற்றி இன்று பேச்சு இல்லை. கணிதம் கற்பிக்கப்படட்டும். வீடு பிறகு.’ இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, ஆனால் வீட்டுக்குள் வளர்ந்த தமிழ் இது இல்லை என்று யாருக்கும் தெரியும். அவர் தன் அமைச்சரிடம் பேசும் இடங்களில் இந்த இறுக்கத்தைத் தளர்த்தி, சரளமாக எழுதிவிடுங்கள். சொந்த மொழியில் அவர் எவ்வளவு லாகவமானவர் என்பது அப்போதுதான் தெரியும்.

நிலத்தில் விழுந்து வணங்கும் காட்சிகளுக்கு ‘சாஷ்டாங்கம்’, ‘நெடுஞ்சாண்கிடை’ இரண்டும் நீளம். ‘விழுந்து வணங்கு’ போதும். இந்தச் சொல்லைப் படம் முழுக்க மாற்றாமல் வையுங்கள். சூளாலங்கோர்ன் பட்டத்துக்கு வந்தபின் அந்த வழக்கத்தையே ஒழித்தார், 1873-ல். கதை அங்கே போய் முடிவதால், அதே சொல் தொடக்கத்திலிருந்து கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

எத்தனை எழுத்து, எத்தனை நொடி

மென்பொருள் காட்டும் எழுத்துக் கணக்கை நம்பாதீர்கள். ‘இளவரசர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்’ என்பதில் நம் கணக்குப்படி 22 எழுத்து. கணினி புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணி, இடைவெளி நீங்கலாக 35 என்று சொல்லும். ஆங்கிலத்துக்கு வைத்த வரம்பு தாண்டிவிட்டது என்று வரியெல்லாம் சிவப்பாகும். அதைப் பார்த்துப் பயந்து வெட்டினால் அர்த்தம் போய்விடும்.

கைக்கணக்காக இதை வைத்துக்கொள்ளலாம். ஒரு வரிக்கு 24 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டே வரி. மாணவர்களுக்கு நொடிக்கு 8 எழுத்து, பெரியவர்கள் மட்டும் என்றால் 10. எவ்வளவு சின்னச் சொல்லானாலும் ஒரு நொடிக்குக் குறையக்கூடாது, எவ்வளவு நீளமானாலும் 6 நொடிக்கு மேல் நிற்கக்கூடாது. அதற்கு மேல் நின்றால் பிள்ளைகள் இரண்டாவது முறை படிக்க ஆரம்பிப்பார்கள், நடிகர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு படச்சட்டம் இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் எழுத்து மாறியதே கண்ணுக்குத் தெரியாது.

எப்படிச் சுருக்குவது? அன்னா வீடு கேட்டுப் போடும் சண்டையில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘நீங்கள் எனக்கு ஒரு வீடு தருவதாக எழுதிய கடிதத்தில் வாக்குறுதி அளித்திருந்தீர்கள்.’ 42 எழுத்து, மாணவருக்கு 5 நொடிக்கு மேல் வேண்டும். நடிகை சொல்லி முடிக்க மூன்று நொடி போதும். ‘வீடு தருவதாகக் கடிதத்தில் எழுதினீர்கள்.’ 21 எழுத்து, சரியாகப் பாதி. ‘எனக்கு’ தேவையில்லை, வேறு யாருக்குக் கேட்கிறாள்? கடிதத்தில் எழுதியதே வாக்குறுதிதான். கோபத்தில் சொல்லும் இடமென்றால் முன்பு சொன்னபடி ‘நீங்கள்’ சேர்த்தாலும் 25-தான், இரண்டு வரியில் தாராளமாக உட்காரும்.

வரியை எங்கே ஒடிப்பது என்பதும் முக்கியம். ‘அரண்மனைக்கு வெளியே உள்ள’ என்று மேல்வரியில் விட்டு ‘வீடு’ என்று கீழே போடாதீர்கள். பெயரெச்சத்தையும் பெயரையும் பிரித்தால் கண் இடறும். ‘வந்து’, ‘விட்டார்கள்’ என்று துணைவினையையும் பிரிக்கக்கூடாது.

தமிழில் வினை கடைசியில் வருவதால் இன்னொரு தொல்லை. ‘இங்கே இருக்க மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கி, நிபந்தனையைப் பிறகு சொல்லும் வசனங்கள் ஆங்கிலத்தில் ஏராளம். இலக்கணப்படி தமிழாக்கினால் நிபந்தனை முதலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அவள் வாய் திறக்கும் முன்பே பார்ப்பவருக்கு விஷயம் தெரிந்துவிடும். இங்கே பேச்சு வழக்கைத் துணைக்குக் கூப்பிடுங்கள். முதல் துண்டில் ‘இங்கே இருக்க மாட்டேன்…’, அடுத்ததில் ‘…வாக்கைக் காப்பாற்றாவிட்டால்.’ நாம் சண்டை போடும்போது இப்படித்தான் பேசுகிறோம்.

பத்து நிமிடப் படத்துக்கு இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு மாலை ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுப் படத்துக்கு பதின்மூன்று மாலை. ஒருவர் எழுத வேண்டும், மற்றவர் படத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் உரக்கப் படிக்க வேண்டும். மறைவதற்குள் படித்து முடிக்க முடியாத வரி எதுவானாலும் திரும்ப வெட்டுக்கு வரும்.

கோப்பும் எழுத்துருவும்

சப்டைட்டிலைச் சேமிக்கும் எஸ்.ஆர்.டி. (.srt) கோப்பு என்பது வெறும் எழுத்துக் கோப்பு. வரிசை எண், கீழே 00:12:41,200 --> 00:12:44,000 என்ற மாதிரி நேரம், அதன்கீழ் வசனம், பிறகு ஒரு வெற்று வரி. நேரத்தில் கடைசி மூன்று இலக்கத்துக்கு முன் வருவது காற்புள்ளி. அங்கே முற்றுப்புள்ளி வைத்தால் சில கருவிகள் அந்த வரியையே விழுங்கிவிடும்.

சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கத்தை (encoding) யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். மறந்தால் திரையில் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும், அப்படிச் சேமித்ததை மீட்கவும் முடியாது. டிடிபி கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்குகிறவர்கள் யூனிகோடில் வேண்டும் என்று முன்னமே சொல்லிவிடுங்கள். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் அந்தக் கடைக் கணினியில் அழகான தமிழாகத் தெரியும், படத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். இது கெட்டுப்போகவில்லை, எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொள்ளலாம்.

கோப்பின் முதல் துண்டாக ‘கொடி கோபம் கௌரவம் ஸ்ரீ க்ஷேமம்’ என்று ஒரு சோதனை வரி வையுங்கள். டிவியில் பென்டிரைவ் செருகிப் பார்த்தால் பல பழைய டிவிகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது புள்ளி வட்டம் முளைக்கும். அந்த டிவிக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை, உங்கள் கோப்பில் தவறில்லை. லேப்டாப்பில் விஎல்சி கொண்டு ஓட்டி எச்டிஎம்ஐ வழியாகப் புரொஜெக்டருக்கு அனுப்புவதே நம்பகமானது. விஎல்சியின் சப்டைட்டில் அமைப்பில் எழுத்துருவை நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று மாற்றுங்கள். வேறு வழியே இல்லை, டிவிதான் என்றால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் எழுத்தைப் படத்தோடு பதித்துவிடலாம். தர எண் 18 முதல் 20. அதற்கு மேலே எண்ணைக் கூட்டினால் பழைய ஃபிலிமின் மணித்துகள்கள் கூழாகிவிடும்.

வெள்ளை எழுத்துக்குக் கறுப்பு விளிம்பு கட்டாயம். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெளிச்சமான உடைமீது விளிம்பில்லாத எழுத்து விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. எழுத்தின் உயரம் படத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு. வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். மேல்வரியின் ‘ழு’, ‘ளு’ வால்கள் கீழ்வரியின் ‘கி’, ‘வீ’ கொக்கிகளில் முட்டும்.

மலைமேல் திரையிடுவது

படத்தின் சட்டம் கிட்டத்தட்டச் சதுரம், அகலம் உயரத்தைப் போல் 1.37 மடங்கு. 10 அடி அகலமுள்ள இன்றைய அகலத் திரையில் உயரம் சுமார் 5 அடி 7 அங்குலம், படம் நிற்பது 7 அடி 8 அங்குல அகலத்தில். இரண்டு பக்கமும் கறுப்பாகத்தான் இருக்கும், அதுவே சரி. யாராவது ரிமோட்டை எடுத்துத் திரையை நிரப்பினால் எல்லார் முகமும் சப்பையாகும்.

ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். பல புரொஜெக்டர்களின் கையேட்டில் 1500 மீட்டருக்கு மேல் ‘உயர்நிலம்’ என்ற அமைப்பைப் போடச் சொல்லியிருக்கும். காற்று லேசானால் விசிறி வேகமாகச் சுற்றினால்தான் விளக்கு குளிரும். நாம் எல்லைக்கோட்டில் இருக்கிறோம், போட்டுவிடுங்கள். விசிறிச் சத்தம் கூடும், அதனால் புரொஜெக்டரைப் பின்வரிசைக்கு ஒட்டி வைக்காமல் தள்ளி வையுங்கள். சேலத்திலிருந்து ஏ.சி. காரில் கொண்டுவந்த புரொஜெக்டரை இறக்கியதும் போடாதீர்கள். பனிமூட்ட ஈரம் குளிர்ந்த லென்ஸில் படிந்து படம் பால் போலாகும். துணியால் துடைத்தால் கறைதான் மிஞ்சும். பெட்டியோடு ஒரு மணி நேரம் அறையிலேயே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள்.

மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. விளக்கு வகைப் புரொஜெக்டர் சூடாக இருக்கும்போது விசிறியும் சேர்ந்து நின்றால் விளக்கின் ஆயுள் குறையும். 300 வாட் புரொஜெக்டருக்கு 1 கேவிஏ யுபிஎஸ் போதும். படத்தைத் தொடர்ந்து ஓட்ட அல்ல, முறையாக அணைத்துக் குளிரவைக்க.

1946-ன் ஒலி ஒற்றைத் தடம். திரைக்கு நடுவில் கீழே ஒரே ஸ்பீக்கர் வைத்தால் போதும். பாஸ் குறையுங்கள், அடியில் உறுமல்தான் இருக்கிறது. கூடம் எதிரொலித்தால் பின்சுவரில் நாலைந்து பவானி ஜமுக்காளம் தொங்கவிடுங்கள். அனுபவத்தில் இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

பெற்றோர் சிலர் கீழேயிருந்து வந்தால், இருட்டிலும் பனியிலும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியிருக்கும். மதியம் ஒன்றரைக்கு ஆரம்பித்து, 65-ஆவது நிமிடத்தை ஒட்டி ஒரு காட்சி முடியும் இடத்தில் கால்மணி இடைவேளை விட்டால் நாலரைக்குள் பேச்சோடு முடியும். பகல் என்பதால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி வேண்டும்.

காப்புரிமை விஷயம். கல்வி நிலையத்தில் மாணவர், ஆசிரியர், பெற்றோர், அந்நிலையத்தோடு நேரடித் தொடர்புடையவர் மட்டும் பார்க்கும் திரையிடலுக்கு இந்தியச் சட்டம் இடம் தருகிறது. டிக்கெட் போட்டாலோ ஊரைக் கூப்பிட்டாலோ உரிமையாளரின் அனுமதி தேவை. முறையான டிவிடியிலேயே ஓட்டுங்கள், எழுதிய சப்டைட்டிலை இணையத்தில் போடாதீர்கள்.

படத்துக்கு முன்னும் பின்னும்

படத்தில் உயிரோடு எரிக்கும் தண்டனை வருகிறது, ஒரு சிறுவனின் சாவும் வருகிறது. எட்டாம் வகுப்புக்குக் கீழே வேண்டாம். ஆசிரியர்கள் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

தொடங்கும் முன் ஐந்து நிமிடம், அதற்கு மேல் பேசினால் யாரும் கேட்க மாட்டார்கள். அன்னா லியோனவென்ஸ் 1862 முதல் 1867 வரை பாங்காக்கில் வேலை செய்தவர், இதை மட்டும் சொல்லுங்கள். எது உண்மை, எது கற்பனை என்பதைப் பின்னால் வையுங்கள். முன்பே சொன்னால் பிள்ளைகள் படத்தைப் பார்க்காமல் தவறு தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

முடிந்தபின் பேச விஷயம் நிறைய இருக்கிறது. அன்னா தன்னை வேல்ஸில் பிறந்தவள் என்று சொல்லிக்கொண்டார், உண்மையில் 1831-ல் மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில் பிறந்தவர். படத்தில் சாகும் மகன் லூயி நிஜத்தில் வளர்ந்து, சயாமுக்கே திரும்பி வந்து தேக்கு வியாபாரம் செய்து 1919 வரை வாழ்ந்தார். மன்னர் இறந்தது 1868 அக்டோபர் 1, அன்னா அதற்கு முன் ஆண்டே ஊரைவிட்டுப் போயிருந்தார். மரணப் படுக்கைக் காட்சி கற்பனை. தப்திம் உயிரோடு எரிக்கப்படும் கதையை வரலாற்றாசிரியர்கள் நம்புவதில்லை. சயாம் பாத்திரங்களில் முக்கியமானவற்றுக்கெல்லாம் மேல்நாட்டு நடிகர்களே முகத்தில் மை பூசி நடித்தார்கள். இதே கதையின் 1956, 1999 படங்களைத் தாய்லாந்து தடை செய்தது ஏன் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

மோங்குட்டின் கடைசி நாட்களைக் கட்டாயம் சொல்லுங்கள். 1868 ஆகஸ்ட் 18-ன் முழுச் சூரிய கிரகணத்தைத் தானே கணக்கிட்டு, அது எங்கே தெரியும் என்று சொல்லி, வாக்கோ என்ற இடத்துக்கு வெளிநாட்டவரையும் அழைத்துப் போனார். கணக்கு பலித்தது. அங்கே பிடித்த மலேரியாவில்தான் இறந்தார். அதே கிரகணத்தைத்தான் ஜான்சன் என்ற பிரெஞ்சு வானியலாளர் நம் பக்கம் குண்டூரிலிருந்து பார்த்தார். ஹீலியம் கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது அது. அறிவியல் டீச்சர் ஒருவர் இருந்தால் இதை அவரிடம் விட்டுவிடுங்கள்.

படம் ஓடும்போது சப்டைட்டில் எழுதியவர்களில் ஒருவர் திரையைப் பார்க்காமல் கூடத்தைப் பார்த்து உட்கார வேண்டும், கையில் நோட்டும் கடிகாரமும் வைத்துக்கொண்டு. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்தாலும், பக்கத்தில் இருப்பவரிடம் ‘என்ன சொன்னாங்க?’ என்று யாராவது கேட்டாலும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று இரவே அந்த வரிகளைத் திறந்து திருத்திவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் எதற்குச் சிரித்தார்கள் என்பது மறந்துபோகும்.